கம்பெனியை மாற்றுவதா, சி.டி.எல். லைசென்ஸையே விடுவதா? அமெரிக்காவில் டிரக் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வாரமாக வீட்டுக்குப் போகவில்லை. வாங்கிய செக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லோடு ஒதுக்கும் டிஸ்பாட்ச்சர் போனை எடுப்பதில்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இரவில், "போதும்டா சாமி, இந்த லைசென்ஸே வேண்டாம்" என்று தோன்றுவது இயல்புதான். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் யோசனை கேட்டு வந்த தம்பிகள் பலரும் அதே இரவில்தான் போன் செய்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்தக் கம்பெனி எனக்குச் சரிப்படுமா என்பது ஒன்று. இந்த சி.டி.எல்., அதாவது கமர்ஷியல் வண்டி ஓட்டும் லைசென்ஸ், எனக்கு இனி வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும். கம்பெனியை இரண்டு வாரத்தில் மாற்றிவிடலாம். விட்ட லைசென்ஸைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு வழியே அடைபட்டும் போகலாம். கம்பெனி மேல் உள்ள கோபத்தை லைசென்ஸ் மேல் காட்டியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். அதற்கு முன் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி எட்டு வாரச் செட்டில்மென்ட் தாள்கள் (சம்பளக் கணக்கு), மெடிக்கல் கார்டு (உடல்தகுதிச் சான்று), லைசென்ஸின் இரண்டு பக்கப் படம், கடந்த 10 ஆண்டுகளில் வேலை பார்த்த இடங்களின் பட்டியல். 10 ஆண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சி.டி.எல். வேலைக்கு விண்ணப்பிப்பவர் கடைசி 3 ஆண்டு வேலைகள் எல்லாவற்றையும், அதற்கு முந்தைய 7 ஆண்டுகளில் கமர்ஷியல் வண்டி ஓட்டிய வேலைகளையும் எழுதித்தர வேண்டும். அவசரத்தில் எழுதும்போது இரண்டு மாத இடைவெளி விடுபட்டால், மறைத்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

1. உங்களைப் பற்றிய பதிவுகளை நீங்களே முதலில் பாருங்கள்

புதுக் கம்பெனி உங்களைப் பற்றி என்ன படிக்கப்போகிறது என்று தெரியாமல் போனைச் சுழற்றாதீர்கள். நான்கு பதிவுகள் முக்கியம்.

முதலாவது பி.எஸ்.பி. அறிக்கை. டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையான எஃப்.எம்.சி.எஸ்.ஏ. வைத்திருக்கும் பதிவு இது. 5 ஆண்டு விபத்துகளும் 3 ஆண்டுச் சாலைச் சோதனைகளும் இதில் இருக்கும். 10 டாலர் கட்டி நீங்களே எடுக்கலாம். இதில் டிரைவரின் தப்பு மட்டும் வராது, வண்டியின் பிரேக்கும் டயரும் சரியில்லை என்று எழுதியவையும் உங்கள் பெயரில் நிற்கும். பராமரிப்பு சரியில்லாத கம்பெனியில் ஓட்டினால் அவர்கள் வண்டியின் அழுக்கு உங்கள் தாளில் ஒட்டும் என்பதை இங்கேதான் பலர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது டி.ஏ.சி. அறிக்கை. பழைய கம்பெனிகள் உங்களைப் பற்றி எழுதி வைப்பது. ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. "வண்டியைக் கைவிட்டுப் போனார்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், நல்ல கம்பெனிகள் காரணம் சொல்லாமலே கதவைச் சாத்திவிடும்.

மூன்றாவது உங்கள் மாநில டிரைவிங் பதிவு. நான்காவது, 2020 ஜனவரி 6 முதல் நடைமுறையில் இருக்கும் "ட்ரக் அண்ட் ஆல்கஹால் கிளியரிங்ஹவுஸ்", அதாவது போதைப்பொருள், மது விதி மீறல்களின் மத்தியப் பதிவேடு. டிரைவர் தன் பதிவைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும், ஏனென்றால் புதுக் கம்பெனி முழு விசாரணை செய்ய நீங்கள் அதற்குள் போய் ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். கடவுச்சொல் மறந்து, வேலையில் சேரும் ஓரியன்டேஷன் நாளில் விழிப்பவர்கள் நிறைய.

பி.எஸ்.பி.யில் தப்பான பதிவு இருந்தால் டேட்டாக்யூஸ் என்ற அரசுத் தளத்தில் ஆட்சேபம் போடுங்கள். பதில் வர நாளாகும். அதனால்தான் இந்தப் படியை முதலில் வைத்தேன்.

2. ஒரு வாரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள்

"மைலுக்கு எவ்வளவு?" என்று கேட்பதுதான் நம் பழக்கம். அந்த ஒற்றை எண் உங்களை ஏமாற்றும். ஒரு வாரத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து எத்தனை மணி நேரம் போனது, அதற்கு என்ன வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு தம்பியின் தாளை வைத்து இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மைலுக்கு 58 சென்ட், அந்த வாரம் 2,340 மைல். 1,357 டாலர். டிடென்ஷன் (காத்திருந்ததற்கான படி) என்று 30 டாலர். மொத்தம் 1,387. "பரவாயில்லையே அண்ணா" என்றான். அப்புறம் அவனுடைய சின்ன நோட்டை எடுத்தோம். ஓட்டியது 43 மணி. சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் காத்துக் கிடந்தது 14 மணி. வண்டி பரிசோதனை, டீசல், ட்ரெய்லர் தேடியது எல்லாம் 5 மணி. ஆக 62 மணி. வகுத்தால் மணிக்கு 22 டாலர் 37 சென்ட். ஆறு இரவு வெளியில் தூங்கியதற்கு அதில் ஒரு காசும் இல்லை. அதே ஊரில் மணிக்கு 27 டாலர் தருகிற லோக்கல் வேலை ஒன்று இருந்தது. வாரம் 50 மணி என்றால் 1,350 டாலர். கிட்டத்தட்ட அதே பணம், 12 மணி நேரம் மிச்சம், இரவு சொந்தப் படுக்கை.

காத்திருந்த நேரத்தை ஈ.எல்.டி.யிலிருந்து (வண்டியில் உள்ள மின்னணு லாக்) எடுக்காதீர்கள். எட்டு நாளுக்குச் சட்டம் அனுமதிக்கும் 70 மணி வேலை நேரம் தீர்ந்துவிடுமே என்று பலர் டாக்கில் நிற்கும்போது ஆஃப் டியூட்டி போட்டுவிடுகிறார்கள். வண்டியின் பொறுப்பிலிருந்து உங்களை உண்மையாகவே விடுவித்திருந்தால்தான் அப்படிப் போடலாம். அது ஒருபுறம் இருக்க, லாக்கில் ஆஃப் டியூட்டி என்று இருக்கும் நேரம் உங்கள் கணக்கிலிருந்தும் காணாமல் போய்விடுகிறது. அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். உள்ளே போன நேரம், டாக்கில் ஏற்றிய நேரம், தாள் கையில் வந்த நேரம். மூன்று எண்கள் போதும்.

மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுபவர்களுக்கு மத்தியச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது. 1938-இல் வந்த தொழிலாளர் சட்டத்திலேயே அந்த விலக்கு இருக்கிறது. ஆகவே 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு தரும் கம்பெனி கிடைத்தால், அது அவர்களாகவே தருவது அல்லது உங்கள் மாநிலச் சட்டம் தருவது. அதற்குத் தனி மதிப்புப் போடுங்கள்.

3. கம்பெனியை அரசின் பதிவில் தேடுங்கள்

ஒவ்வொரு டிரக்கின் கதவிலும் யு.எஸ். டாட் எண், அதாவது கம்பெனியின் அரசுப் பதிவு எண், இருக்கும். அந்த எண்ணை எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் சேஃபர் தளத்தில் போட்டால் கம்பெனியின் சுருக்கம் வரும். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயரில் பத்து வரும்.

முதலில் பார்க்க வேண்டியது 24 மாதச் சோதனைகளில் எத்தனை சதவீதம் வண்டியை அங்கேயே நிறுத்திவைத்தார்கள் என்பது. பக்கத்திலேயே தேசிய சராசரி இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். வண்டிக்கான சதவீதம் எகிறியிருந்தால் பராமரிப்பு மோசம். டிரைவருக்கான சதவீதம் எகிறியிருந்தால் மணிக்கணக்கை மீறி ஓட்டச் சொல்லும் இடமாக இருக்கலாம். அடுத்து கம்பெனியின் பாதுகாப்பை அளக்கும் எஸ்.எம்.எஸ். என்ற பகுதிக்குப் போய் என்னென்ன மீறல்கள் என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். சரக்கு ஏற்றும் கம்பெனிகளின் தரவரிசைச் சதவீதத்தை 2015 டிசம்பர் முதல் பொதுமக்கள் பார்க்க முடியாது, ஆனால் சோதனைகளும் மீறல்களும் தெரியும்.

பாதுகாப்பு மதிப்பீடு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான சிறு கம்பெனிகளுக்கு மதிப்பீடே நடந்திருக்காது. "கண்டிஷனல்" என்று, அதாவது குறை இருப்பதாக, இருந்தால் என்ன காரணம் என்று நேராகக் கேளுங்கள்.

கம்பெனியின் ஆபரேட்டிங் அத்தாரிட்டி (தொழில் நடத்தும் அனுமதி) எப்போது கிடைத்தது என்பதையும் பாருங்கள். "பதினைந்து வருஷமா தொழில்ல இருக்கோம்" என்பார்கள், டாட் எண்ணுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். பழைய எண்ணில் பெயர் கெட்டு, புது எண்ணில் அதே முகவரியில் கடை திறந்தவர்களாக இருக்கலாம். முகவரியைத் தேடினாலே தெரிந்துவிடும்.

இதெல்லாம் பார்த்த பிறகு, டிரக் ஸ்டாப்பில் அந்தக் கம்பெனி வண்டியைக் கண்டால் டிரைவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். "போன வாரம் எத்தனை மணி நேரம் சும்மா நின்னீங்க?" என்று மட்டும் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிச் சொல்லத் தயங்குபவர்கூட இதை மனம்விட்டுச் சொல்வார்.

4. ரெக்ரூட்டரிடம் பேசும்போது

ரெக்ரூட்டரின் வேலை சீட்டை நிரப்புவது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் உங்களை டிஸ்பாட்ச் செய்யப்போவது அவர் இல்லை. அதனால் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், பதில்களை ஈமெயிலில் திரும்ப அனுப்பி "நான் புரிந்துகொண்டது சரிதானே?" என்று கேளுங்கள். பதில் வராத கேள்வியே பெரிய பதில்.

"எங்கள் டிரைவர்கள் வாரம் 3,000 மைல் வரை ஓட்டுகிறார்கள்" என்பார். அந்த "வரை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "கடந்த நான்கு வாரத்தில், என் ஊரிலிருந்து ஓட்டும் ஒருவருக்குச் சராசரி எத்தனை?" என்று கேளுங்கள்.

மைலை எப்படி எண்ணுகிறார்கள் என்பது அடுத்தது. ஹவுஸ்ஹோல்ட் குட்ஸ் மைல் என்றால் ஊரிலிருந்து ஊருக்கான பழைய அட்டவணைத் தூரம், நீங்கள் உண்மையில் ஓட்டுவதைவிடக் குறைவாக வரும். பிராக்டிக்கல் மைல் என்றால் டிரக் போகும் வழிக்கு நெருக்கமான கணக்கு. மைலுக்கு இரண்டு சென்ட் கூடத் தரும் கம்பெனி, மைலை எண்ணுவதில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

டிடென்ஷன் பற்றி மூன்று துண்டாகக் கேளுங்கள். எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும்? மணிக்கு எவ்வளவு? வாடிக்கையாளர் கம்பெனிக்குப் பணம் தராவிட்டாலும் எனக்கு வருமா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் சண்டை வருவது அங்கேதான். வண்டி பழுதாகி நிற்கும் நாளுக்கும், லோடு இல்லாமல் நிற்கும் நாளுக்கும் இதேபோல் கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவது பற்றி "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்ற பதிலோடு நிற்காதீர்கள். எத்தனை முழு நாள்? 70 மணிக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கவைக்கும் முப்பத்து நான்கு மணி நேர ஓய்வான ரீசெட்டை வீட்டு நேரம் என்று சொல்கிறார்களா? வெள்ளி இரவு 11-க்கு வந்து ஞாயிறு காலை 9-க்குக் கிளம்பினால் சட்டப்படி ரீசெட் முடிந்துவிடும். குடும்பத்துக்கு அது ஒரே ஒரு சனிக்கிழமை.

சேருவதற்காகத் தரும் சைன்-ஆன் போனஸைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 10,000 டாலர் என்று கேட்டுச் சேர்ந்த ஒருவர் எனக்குத் தெரியும். அது 12 மாதத் தவணை, இடையில் போனால் வாங்கியதைத் திருப்ப வேண்டும் என்ற வரி நான்காம் பக்கத்தில் இருந்தது. நான்காம் மாதம் விலகினார், கடைசிச் செக்கில் பிடித்துக்கொண்டார்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலைச் சோதனையில் அதிகாரி ஆங்கிலத்தில்தான் பேசுவார். பேச்சுக்குப் பதில் சொல்லவோ போக்குவரத்துப் பலகைகளைப் புரிந்துகொள்ளவோ முடியவில்லை என்றால், 2025 ஜூன் 25 முதல் வண்டியை அங்கேயே நிறுத்தவைக்கலாம். போன் ஆப் மொழிபெயர்ப்பை அங்கே ஏற்க மாட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன ஏற்றியிருக்கிறீர்கள், எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறீர்கள் என்ற கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். ரெக்ரூட்டருடன் பேசும் போன் காலே அதற்கு நல்ல பயிற்சி.

5. கையெழுத்துப் போடுமுன் இந்த மூன்றைப் பாருங்கள்

டபிள்யூ-2 வேலையா (கம்பெனி ஊழியர்), 1099-ஆ (சுயதொழில் ஒப்பந்தக்காரர்)? கம்பெனியின் டிரக்கை ஓட்டி, அவர்கள் சொல்லும் லோடை எடுத்துக்கொண்டு போகிற ஒருவரை 1099-இல் வைத்தால், நீங்கள் தொழிலாளி, அவர்கள் அதை மறைக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சுயதொழில் வரி 15.3 சதவீதம் உங்கள் தலையில் விழும். டபிள்யூ-2-வில் அதில் பாதி கம்பெனி கட்டும். வேலையில்லாக் காப்பீடும், காயம்பட்டால் கிடைக்கும் தொழிலாளர் காப்பீடும் கை நழுவும். மைலுக்கு 70 சென்ட் 1099-இல் என்பது, 60 சென்ட் டபிள்யூ-2-வுக்கு முன்னால் நிற்காமல் போகலாம்.

லீஸ்-பர்ச்சேஸ் என்று டிரக்கை உங்கள் பெயரில் "சொந்தமாக்கி" வாரத் தவணை பிடிக்கிற திட்டங்களில் போகாதீர்கள். இதில் நான் தயங்காமல் சொல்கிறேன். லோடு கொடுப்பதும் அவர்கள், தவணை வாங்குவதும் அவர்கள். லோடு குறைந்தால் உங்கள் செக் பூஜ்யம், சில வாரம் மைனஸ். மத்திய அரசு அமைத்த டிரக் லீசிங் பணிக்குழுவே 2025 ஜனவரியில் இத்திட்டங்களைத் தடை செய்யச் சொன்னது. சொந்த டிரக் ஓட்ட வேண்டும் என்றால், வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ கடன் வாங்கி வெளியில் வாங்குங்கள், கம்பெனியை மாற்றினாலும் வண்டி உங்களோடு வரும்.

பெர் டீம் (வெளியில் தங்கும் நாளுக்கான செலவுப் படி) சம்பளம் என்று ஒரு பகுதியை வரி இல்லாமல் தருவார்கள். கையில் வரும் பணம் கூடும், உண்மைதான். ஆனால் பதிவில் உங்கள் சம்பளம் குறைகிறது. வீட்டுக் கடன் கேட்கும்போது, வேலை போய் உதவித்தொகை கேட்கும்போது, பின்னாளில் சோஷியல் செக்யூரிட்டி கணக்குப் போடும்போது அந்தக் குறைந்த எண்தான் நிற்கும். இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள்.

6. பழைய இடத்தைவிட்டு ஒழுங்காக விலகுங்கள்

புதுக் கம்பெனியில் ஓரியன்டேஷன் தேதி எழுத்தில் வரும்வரை விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். வந்ததும் ஈமெயிலில் தேதி போட்டுக் கொடுங்கள். டிரக்கை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு அங்கேயே ஒப்படையுங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் வழியில் எங்காவது நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். முதல் படியில் சொன்ன அந்த ஒரு வரி பிறப்பது இங்கேதான்.

வண்டியைச் சுற்றி, உள்ளே, டயர், மைல் மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதிலுள்ள டிஸ்பாட்ச் செய்திகளையும் படம்பிடியுங்கள். கொடுத்த பிறகு அவை உங்களுக்குக் கிடைக்காது. மணிக்கணக்கை மீறி ஓட்டச் சொல்லி மிரட்டிய செய்திகள் இருந்தால் அவைதான் உங்கள் சாட்சி. அப்படி வற்புறுத்தியது பற்றி எஃப்.எம்.சி.எஸ்.ஏ.விடம் புகார் கொடுக்க 90 நாள். மறுத்ததற்காக வேலையைவிட்டு எடுத்திருந்தால் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஓஷாவிடம் கொடுக்க 180 நாள். இந்த நாள்கள் தாண்டிவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கேட்க ஆளில்லை.

7. இப்போது லைசென்ஸைப் பற்றி யோசியுங்கள்

கம்பெனி விஷயம் தீர்ந்து, ஒரு மாதமாவது நன்றாகத் தூங்கிய பிறகு இந்தப் படிக்கு வாருங்கள். வேறு வேலைக்கே போய்விட்டவர்களும் இங்கிருந்து தொடங்கலாம்.

லைசென்ஸை வைத்திருக்கப் பணம் கொஞ்சம்தான் ஆகும்: புதுப்பிக்கும் கட்டணம், இரண்டு ஆண்டுக்கு ஒரு மெடிக்கல், ஹஸ்மேட் (ஆபத்தான சரக்கு ஏற்றும் அனுமதி) இருந்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறை கைரேகையும் டி.எஸ்.ஏ.வின் பின்னணிச் சோதனையும் தேர்வும். பலர் கவனிக்காத செலவு வேறு. சி.டி.எல். கையில் இருக்கும்வரை, சொந்தக் காரை ஓட்டும்போதும் உங்களுக்குக் கடுமையான அளவுகோல்தான். காரில் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றால் சி.டி.எல். ஓராண்டு போகும், இரண்டாம் முறை வாழ்நாள் தடை. சாதாரண டிரைவர் வேகத்துக்கு வாங்கிய டிக்கெட்டை டிராஃபிக் ஸ்கூல் போய்ப் பதிவில் ஏறாமல் செய்துகொள்ளலாம். சி.டி.எல். வைத்திருப்பவருக்கு, எந்த வண்டியில் வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும், அப்படி மறைக்க மாநிலங்களுக்கு அனுமதி இல்லை.

மறுபக்கம், விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு மாநிலமும் தன் விதிப்படி எழுத்துத் தேர்வையும் ஓட்டுத் தேர்வையும் திரும்ப எழுதவைக்கலாம். தேர்வுக்கு வண்டியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல் வந்த கட்டாயப் பயிற்சி முதல்முறை எடுப்பவர்களுக்கானது என்றாலும், தேர்வுக்கு டிரக் வேண்டி பலர் பள்ளிக்கே திரும்பப் பணம் கட்ட நேர்கிறது.

என் கருத்தைக் கேட்டால்: அடுத்த நான்கைந்து ஆண்டில் ஸ்கூல் பஸ், நகரப் பேருந்து, நகராட்சி வண்டி, கட்டுமான டிரக் என்று எதிலாவது திரும்ப உட்கார வாய்ப்பு இருந்தால் வைத்திருங்கள். அலுவலக வேலை போய்விட்டால் மூன்று வாரத்தில் சம்பளம் தரக்கூடிய காகிதம் அது. காரில் நிறைய சுற்றுபவர், வயது அறுபதைத் தாண்டியவர், மெடிக்கல் இனித் தேறாது என்று மருத்துவரே சொல்லிவிட்டவர், இவர்களுக்கு விடுவது நியாயமான முடிவு.

ஒர்க் பெர்மிட்டில் இருந்துகொண்டு நான்-டொமிசைல்ட் (நிரந்தரமாகக் குடியேறாதவர்களுக்கான) சி.டி.எல். வாங்கியவர்கள் மட்டும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கான தகுதியை வெகுவாகக் குறுக்கி இடைக்கால விதி கொண்டுவந்தது, வழக்கும் நடந்தது. நீங்கள் இன்று விட்டால் நாளை திரும்ப வாங்கத் தகுதியே இல்லாமல் போகலாம். குடிவரவு வழக்கறிஞரிடம் பேசாமல் கவுன்டரில் லைசென்ஸை நீட்டாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

8. வைத்திருப்பது என்றால், காலாவதியாகவிடாமல் வைத்திருங்கள்

லைசென்ஸின் மேல் எழுதிய தேதியை மட்டும் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. மெடிக்கல் தேதி வேறு. அது முடிந்தால் 60 நாளுக்குள் மாநிலம் உங்கள் சி.டி.எல்.லைச் சாதாரண லைசென்ஸாக இறக்கிவிட வேண்டும் என்பது விதி. கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும்.

2025 ஜூன் 23 முதல் மருத்துவப் பரிசோதகர் முடிவை எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வுக்கு மின்னணு முறையில் அனுப்புகிறார், அங்கிருந்து மாநிலத்துக்குப் போகிறது. இருந்தாலும் பரிசோதனை முடிந்த ஒரு வாரத்தில் மாநிலத் தளத்தில் உங்கள் நிலை "சர்ட்டிஃபைட்" என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தாளின் நகலையும் எறியாதீர்கள்.

பரிசோதனையை கார்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே வையுங்கள். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருந்தால் இரண்டு ஆண்டு கிடைக்கும். 140–159 அல்லது 90–99 என்றால் ஓராண்டு. 160–179 அல்லது 100–109 என்றால் மூன்று மாதம் மட்டும், அதற்குள் குறைத்துக் காட்ட வேண்டும். 180/110 தொட்டால் அன்று கார்டு இல்லை. கடைசி நாளில் இரண்டு கப் காபி குடித்துவிட்டு ஓடிப்போய் 162 காட்டியவர், இரண்டு மாதம் முன்பே போயிருந்தால் வீட்டு மருத்துவரைப் பார்க்க நேரம் இருந்திருக்கும். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கான சி.பேப் கருவி பயன்படுத்துபவர்கள் அதன் பயன்பாட்டுப் பதிவை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

மாநிலத்திடம் தரும் சுயசான்றில் நான்கு வகை உண்டு. மெடிக்கல் வேண்டாத வகையைச் சும்மா டிக் செய்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அந்த வகைகள் குறிப்பிட்ட சில வேலைகளுக்கானவை. நீங்கள் ஓட்டாத வேலையை ஓட்டுவதாகக் கையெழுத்திடுவது பொய்ச் சான்று.

வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் 30 நாளுக்குள் சி.டி.எல்.லை மாற்றிக்கொள்ளுங்கள். ஹஸ்மேட் புதுப்பிக்க குறைந்தது 60 நாள் முன்பே கைரேகைக்குப் போங்கள். போதைப்பொருள் விஷயத்தில், உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி என்றாலும் மத்திய விதியில் சரியில்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயில் கலந்திருந்தது என்ற சமாதானமும் எடுபடாது.

9. விடுவது என்றால், திரும்பி வரும் வழியைக் கேட்டுவிட்டு விடுங்கள்

மெடிக்கல் முடியட்டும், தானாக இறங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மாநில அலுவலகத்துக்குப் போய் நீங்களே தரம் இறக்கச் சொல்லுங்கள். பதிவில் அது உங்கள் விருப்பம் என்று நிற்கும். போகும் முன் ஈமெயிலில் இரண்டு கேள்விகள் அனுப்புங்கள்: திரும்ப வாங்க எத்தனை காலத்துக்குள் வந்தால் எந்தத் தேர்வுகள் எழுத வேண்டும்? என் என்டார்ஸ்மென்ட்கள் (ஹஸ்மேட் போன்ற கூடுதல் அனுமதிகள்) என்ன ஆகும்? வந்த பதிலை அச்செடுத்து வையுங்கள். கவுன்டரில் இருப்பவர் வாய்மொழியாகச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும்.

கிளியரிங்ஹவுஸில் ஏதாவது நிலுவை இருந்தால், லைசென்ஸை விட்டதும் அது மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 5 ஆண்டு அல்லது திரும்ப ஓட்டத் தகுதிபெறும் நடைமுறையை முடிக்கும் நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை பதிவு இருக்கும். நடைமுறையை முடிக்காமல் ஏழு ஆண்டு கழித்து வந்தாலும் அங்கேயே காத்திருக்கும். 2024 நவம்பர் 18 முதல் மாநிலங்களும் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் சி.டி.எல். தருகின்றன.

கடைசியாக, மாநில டிரைவிங் பதிவையும் பி.எஸ்.பி.யையும் இன்னொரு முறை எடுத்து, பழைய செட்டில்மென்ட் தாள்கள், 10 ஆண்டு வேலைப் பட்டியல், பழைய மேற்பார்வையாளர்களின் போன் எண்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். கம்பெனிகள் மூடிப்போகும், எண்கள் மாறும். நீங்கள் ஓட்டியதற்கு அப்போது உங்களிடம் உள்ள தாள்தான் ஆதாரம்.